முகூர்த்தக் காட்சிகளில் வெளிச்சத்தையும் நிறத்தையும் சமன்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு கல்யாண மண்டபத்தில் எத்தனை நிற வெளிச்சம் இருக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மணவறைக்கு மேல் மஞ்சள் விளக்கு, வீடியோக்காரர் தூக்கிப் பிடித்த எல்இடி பேனல், பக்கத்து ஜன்னலில் காலை வெயில், மேடைப் பின்னணியில் ஊதா அடிக்கும் அலங்கார விளக்கு, கூடத்தில் லேசாகப் பச்சை சாயும் டியூப்லைட். கண்ணும் மூளையும் சேர்ந்து இவற்றைச் சமாளித்துவிடும். கேமரா சமாளிக்காது. இரண்டு கேமராக்களில் எடுத்ததை ஒரே டைம்லைனில் அடுக்கியதும் வண்டவாளம் தெரிந்துவிடும்: ஒரு ஷாட்டில் மாப்பிள்ளை ஆரஞ்சு, அடுத்த ஷாட்டில் நீலம், அதற்கடுத்ததில் தாலி கட்டும் கையே இருட்டு.

இதைச் சரிசெய்யும் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். அடோபி பிரீமியர், ஃபைனல் கட் புரோ எதில் செய்தாலும் தர்க்கம் இதுதான். பட்டன்கள் மட்டும் மாறும்.

சமன்படுத்துவது வேறு, படத்துக்கு ஒரு சாயல் கொடுப்பது வேறு. முதலாவது கலர் கரெக்‌ஷன், இரண்டாவது கலர் கிரேடிங். இணையத்தில் கிடைக்கும் 'சினிமா லுக்' லட் கோப்பு (நிறங்களை ஒரே அடியாக மாற்றும் ஆயத்த அட்டவணை) ஒன்றை எல்லா ஷாட்களின் தலையிலும் முதலிலேயே போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சரிக்கட்ட முயல்வதுதான் கல்யாண வீடியோக்களில் பாதி அலங்கோலத்துக்குக் காரணம். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஷாட்களுக்கு ஒரே சாயம் பூசினால், ஒத்துப்போகாமை அப்படியே இருக்கும். மேலே சாயம் மட்டும் கூடும்.

1. எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

கேமராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்பதைக் கேமராவே தீர்மானிக்கும் வசதி) கூடாது. மணமகளின் அரக்குப் பட்டு சட்டகத்தை நிறைத்தால் கேமரா 'வெளிச்சமே சிவப்பு போலும்' என்று எண்ணி மொத்தப் படத்தையும் குளிரவைத்துவிடும். அவர் நகர்ந்ததும் திரும்பிவிடும். ஒரே ஷாட்டுக்குள் இப்படி அலையும் நிறத்தைப் பின்னால் பிடிப்பது பெரும்பாடு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பழைய ஹாலஜன் விளக்கு ஏறக்குறைய 3200 கெல்வின், பகல் வெளிச்சம் 5600 கெல்வின். மணவறையில் எது ஆள்கிறது என்று பார்த்து ஓர் எண்ணில் பூட்டிவிடுங்கள். எல்லாக் கேமராக்களிலும் அதே எண் இருக்கட்டும்.

ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 1/60-இல் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை ஓடும். எடிட்டிங்கில் அதை முழுதாகத் துடைக்க வழியில்லை.

முகூர்த்தத்துக்கு முன் மணவறை விளக்கின் கீழ் நிறச் சாய்வே இல்லாத சாம்பல் அட்டை ஒன்றைச் சில நொடி பிடித்து, எல்லாக் கேமராக்களிலும் பதிவு செய்யுங்கள். புரோகிதர் முறைத்தாலும் பரவாயில்லை.

2. பார்க்கும் இடம்

மஞ்சள் பல்பு எரியும் அறையில் உட்கார்ந்து நிறம் திருத்தினால், கண் அந்த மஞ்சளுக்குப் பழகி, திரையில் உள்ளது நீலமாகத் தெரியும். நீங்கள் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போவீர்கள். திரையின் வெண்புள்ளி 6500 கெல்வினில் இருக்கட்டும். இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியையும், ஆப்பிள் திரைகளில் உள்ள ட்ரூ டோன் வசதியையும் அணைத்துவிடுங்கள். திரைக்குப் பின்னால் மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று போதும்.

3. அளவிகளைப் படிக்கப் பழகுதல்

கண் ஏமாறும், அளவி ஏமாறாது. ரிசால்வில் கலர் பக்கத்துக்குப் போய் கன்ட்ரோல், ஷிஃப்ட், டபிள்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கோப்கள் திறக்கும். நமக்கு மூன்று போதும்.

வேவ்ஃபார்ம் வெளிச்சத்தைக் காட்டும். இடமிருந்து வலம் படத்தின் அதே இடமிருந்து வலம். மேலே போகப் போக வெளிச்சம். ரிசால்வ் இதை 0 முதல் 1023 வரையான எண்களில் காட்டும். இங்கே எளிமைக்காக 0 முதல் 100 சதவீதம் என்று எழுதுகிறேன். கோடு உச்சியில் தட்டையாக ஒட்டிக் கிடந்தால் அங்கே விவரம் போய்விட்டது. வெந்துபோன வெள்ளையை இறக்கினால் சாம்பல்தான் வரும், சரிகை வேலைப்பாடு வராது.

பரேட், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி வேவ்ஃபார்மாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். நிறச் சாய்வு எங்கே இருக்கிறது, இருட்டிலா, நடுவிலா, வெளிச்சத்திலா என்பதை இதுதான் சொல்லும்.

வெக்டார்ஸ்கோப்பில் வெளிச்சம் கிடையாது. நிறத்தின் திசையும் அழுத்தமும் மட்டும். நடுப்புள்ளி நிறமின்மை; விலக விலக நிறம் அடர்கிறது. இதன் அமைப்புகளில் 'ஸ்கின் டோன் இண்டிகேட்டர்' என்ற கோட்டை இயக்கிவிடுங்கள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே ஓடும் அந்தக் கோடு பின்னால் நிறைய உதவும்.

4. லாக் காட்சி என்றால் முதலில் மாற்றம்

சாதாரணப் படப்பதிவு என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். எஸ்-லாக்3, சி-லாக், வி-லாக் போன்ற லாக் முறைகளில் (பின்னால் திருத்துவதற்காக வெளிச்ச விவரங்களை அதிகம் சேமிக்கும் பதிவு முறைகள்) எடுத்திருந்தால் படம் சாம்பல் பூத்து, வெளிறித் தெரியும். அதை கான்ட்ராஸ்ட் கூட்டிச் சரிசெய்யக் கூடாது. நோட் பகுதியில் மூன்று நோட்கள் (ஒவ்வொன்றும் ஒரு திருத்தப் படி) வரிசையாகப் போடுங்கள். ஆல்ட், எஸ் அழுத்தினால் புதிய நோட் வரும். நடு நோட்டில் 'கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்' எஃபெக்ட். சோனி கேமராவுக்கு உள்ளீடு எஸ்-காமட்3.சினி, எஸ்-லாக்3, வெளியீடு ரெக். 709 (சாதாரண எச்டி திரைகளுக்கான நிறத் தரம்), காமா 2.4 (இது திரையின் வெளிச்ச வளைவு, பின்னால் வரும் காமா சக்கரம் அல்ல).

முதல் நோட், அதாவது மாற்றத்துக்கு முந்தையது, எக்ஸ்போஷருக்கும் ஒயிட் பேலன்சுக்கும். அங்கே ஆஃப்செட் சக்கரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். லாக் படத்தில் ஆஃப்செட்டை ஏற்றுவது கிட்டத்தட்ட கேமராவில் அப்பர்ச்சரைத் திறப்பதற்குச் சமம். எஸ்-லாக்3-இல் சாம்பல் அட்டை சரியாகப் பதிவாகியிருந்தால் வேவ்ஃபார்மில் 41 சதவீதத்தில் நிற்கும். 90 சதவீத வெள்ளை 61-இல். கீழே இறங்கியிருந்தால் குறைவாக எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்றாவது நோட்டில் கீழ்வரும் வேலைகள்.

5. வெளிச்சம் முதலில், நிறம் பிறகு

வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும் என்பதால் இந்த வரிசை. கலர் பக்கத்தில் லிஃப்ட், காமா, கெய்ன் என்று மூன்று சக்கரங்கள் இருக்கும். லிஃப்ட் இருட்டை அதிகம் அசைக்கும், கெய்ன் வெளிச்சத்தை, காமா நடுவை. ஒன்றை அசைத்தால் மற்றவையும் கொஞ்சம் நகரும். அதனால் ஒரே சுற்றில் முடிக்க நினைக்காமல் லிஃப்ட், கெய்ன், காமா, மறுபடி லிஃப்ட் என்று சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் கிடையாக உள்ள உருளைதான் வெளிச்சத்துக்கு; வட்டத்தின் நடுப்புள்ளி நிறத்துக்கு.

லிஃப்ட்டை இறக்கி, படத்தில் உண்மையிலேயே கறுப்பாக உள்ளதை, மைக், சவுண்ட் பாக்ஸ், தலைமுடியின் நிழல் போன்றவற்றை, 3 முதல் 5 சதவீதத்தில் நிறுத்துங்கள். பூஜ்யத்தில் அடித்து நொறுக்க வேண்டாம். கருங்கூந்தலில் பின்னல் தெரிய வேண்டும். கெய்னை வைத்து வெண்மையை 90-க்கு அருகில் கொண்டுவாருங்கள். நகையின் மினுக்கும் விளக்கின் சுடரும் 100-ஐத் தொட்டால் தொடட்டும், அவற்றுக்காக முகத்தை இருட்டாக்காதீர்கள். கடைசியில் காமா, இதுதான் முகத்தை ஏற்றி இறக்கும்.

ஓமம் வளர்க்கும் ஷாட்களில் ஒரு விதிவிலக்கு உண்டு. புகை படத்தின் இருட்டை எல்லாம் தூக்கிவிடும். வேவ்ஃபார்மின் அடிப்பகுதி 15, 20-இல் மிதக்கும். மற்ற ஷாட்களைப் போல அதையும் 3-க்கு இழுத்தால் புகை மறைந்து, முகங்கள் கரி பிடித்ததுபோல் ஆகிவிடும். அங்கே புகை இருந்தது, படத்திலும் இருக்கட்டும். பாதி தூரம் இறக்கினால் போதும்.

6. எது வெள்ளை?

ஒயிட் பேலன்ஸ் பிக்கரை (இதுதான் வெள்ளை என்று சுட்டிக்காட்டும் கருவி) எடுத்து மாப்பிள்ளையின் வேட்டியில் குத்துவதுதான் பலர் முதலில் செய்வது. பட்டு வேட்டி வெள்ளை அல்ல, சந்தனம் கலந்த வெள்ளை. அதையே வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், இல்லாத மஞ்சளைக் கழிப்பதற்காக நீலத்தை ஏற்றும். மணமகள் முகத்தில் ரத்தமே இல்லாதது போலாகிவிடும். சரி, வந்திருப்பவரின் பருத்திச் சட்டையை எடுக்கலாமா? சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்கின்றன. ஜன்னலோரம் நிற்கும் சட்டையில் நீலம் கொஞ்சம் கூடவே இருக்கும். அதை நம்பினால் படம் மஞ்சளாகும். எவர்சில்வர் குடமோ பக்கத்தில் உள்ள எல்லா நிறத்தையும் வாங்கிக் காட்டும்.

சாம்பல் அட்டை எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. எடுக்காவிட்டால் ஒரே பொருளை நம்பாமல் மூன்று நான்கைச் சேர்த்துப் பாருங்கள்: புரோகிதரின் நெற்றியில் திட்டமாகப் பூசிய விபூதி, அரிசிமாக் கோலம், ஸ்பீக்கரின் கறுப்பு, கேமரா உதவியாளரின் கறுப்புச் சட்டை. பரேடில் இவை விழும் இடங்களில் மூன்று நிறங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

முதலில் டெம்ப், டின்ட் இரண்டையும் தொடுங்கள். டெம்ப் நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் இடையே நகரும். டின்ட் பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே. மலிவான எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவற்றுக்குப் பெரும்பாலும் டின்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும். பச்சை சாய்ந்த முகம் நோயாளி முகம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும்.

அதன்பின் மிச்சம் இருப்பதைப் பரேடைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். அடிப்பகுதியில் நீலம் மட்டும் உயர்ந்திருந்தால் லிஃப்ட்டில் நீலத்தை இறக்குங்கள். உச்சியில் சிவப்பு தூக்கலாக இருந்தால் கெய்னில் சிவப்பை. ரிசால்வில் ஒரு நிறத்தை அசைத்தால் மொத்த வெளிச்சம் மாறாமலிருக்க மற்ற இரண்டையும் அதுவே எதிர்ப்பக்கம் நகர்த்தும். புதிதாகப் பழகுகிறவர்களை இது குழப்பும். 'லம் மிக்ஸ்' எண்ணை 100-இலிருந்து 0-க்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு நிறமும் தனியாக நகரும்.

7. முகம்

மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும், நடுநிலையான வெளிச்சத்தில் வெக்டார்ஸ்கோப்பில் அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். வேறுபடுவது முக்கியமாக வெளிச்ச அளவும் நிற அழுத்தமும்தான். ஆகவே கோடு நிறத்தின் திசைக்கு வழிகாட்டி. எவ்வளவு வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு அல்ல.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாநிற முகத்தை 70 சதவீதத்துக்கு ஏற்றி, நிறத்தைக் குறைத்து, 'பளிச்சென்று' ஆக்குவது நம் கல்யாண வீடியோத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். வாடிக்கையாளர் கேட்கிறார் என்பார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் சித்தியும் அதே சட்டகத்தில் நிற்கிறார்கள். அவர்கள் உடுத்திய வெள்ளையும் எரிந்து போகிறது, அரக்குப் பட்டு ரோஸ் ஆகிறது, பின்னணி வெளிறுகிறது. சமன்பாடு என்று நாம் இதுவரை செய்தது எல்லாம் வீண். நான் மாநிற முகத்தின் வெளிச்சப் பக்கத்தை 45 முதல் 55 வரையிலும், கறுத்த முகத்தை 35 முதல் 45 வரையிலும் வைப்பேன். இவை சட்டம் அல்ல. முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்ற வித்தியாசம் இருந்தால் கறுத்த முகம் திரையில் மிக அழகாக இருக்கும். மொத்தமாக ஏற்றினால் அந்த வித்தியாசம்தான் முதலில் போகும்.

முகத்தை மட்டும் அளவியில் பார்க்க, பவர் விண்டோவில் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி) வட்டம் ஒன்றைக் கன்னத்தின் மேல் வரைந்து, ஹைலைட் பட்டனை அழுத்துங்கள். வெக்டார்ஸ்கோப்பில் அந்தப் பகுதி மட்டும் தெரியும். கோட்டுக்குப் பச்சைப் பக்கம் சாய்ந்தால் டின்ட். சிவப்புப் பக்கம் சாய்ந்தால் காமாவில் சிவப்பைக் குறையுங்கள். பார்த்து முடித்ததும் வட்டத்தை அழித்துவிட மறக்காதீர்கள்.

நலங்கு ஷாட்களில் இந்தக் கோட்டை நம்பக் கூடாது. முகத்தில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். அளவி மஞ்சள் பக்கம்தான் சாயும். அதைக் 'கோட்டுக்கு' இழுத்தால் பூசிய மஞ்சள் காணாமல் போய், பக்கத்தில் நிற்கும் அத்தை ஊதாவாகிவிடுவார். பூசாத ஒருவரின் முகத்தைப் பிடித்துச் சமன்படுத்துங்கள். அதுபோல மணமகளின் தாடைக்குக் கீழே ஏறும் சிவப்பு, பட்டுப் புடவையின் எதிரொளி. அதுவும் விளக்கின் குற்றம் அல்ல, விட்டுவிடலாம்.

8. ஷாட்டோடு ஷாட்டைப் பொருத்துதல்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தலைமை ஷாட்டைத் தேர்ந்தெடுங்கள். மணமக்கள் இருவர் முகமும், புடவையும், வேட்டியும் தெரியும் நடுத்தர அகல ஷாட் நல்லது. அதை முழுமையாகச் சரிசெய்து, கன்ட்ரோல், ஆல்ட், ஜி அழுத்தி ஸ்டில் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் நிலைப்படம்) எடுத்துக்கொள்ளுங்கள். இனி எல்லா ஷாட்டும் இதனுடன்தான் ஒப்பிடப்படும்; முந்தைய ஷாட்டுடன் அல்ல. முந்தையதோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் சிறு பிழைகள் கூடிக்கூடி, இருபதாவது ஷாட்டில் மண்டபமே வேறு நிறமாகியிருக்கும்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். முன்னாலிருந்து ஒரு கேமரா, ஜன்னல் பக்கத்திலிருந்து இன்னொன்று. ஸ்டில்லை இருமுறை கிளிக் செய்தால் திரை பாதியாகப் பிரிந்து இரண்டும் அருகருகே தெரியும். ஜன்னல் பக்கக் கேமராவின் பரேடில் அடிப்பகுதி மூன்றும் சமம். உச்சியில் நீலம் பத்து சதவீதம் உயர்ந்தும் சிவப்பு தாழ்ந்தும் இருக்கிறது. அப்படியானால் லிஃப்ட்டைத் தொடவே கூடாது. கெய்னில் நீலத்தை இறக்கி, சிவப்பை ஏற்றுங்கள். உச்சி பொருந்தியபின் நடுப்பகுதியில் பச்சை சற்று மிதந்தால் காமாவில் இறக்குங்கள். கடைசியில் வெக்டார்ஸ்கோப்பில் புடவையின் சிவப்பு நீண்டிருக்கும் தூரத்தை இரண்டிலும் பாருங்கள். ஒரு கேமராவில் அது அதிகம் நீண்டிருந்தால் சேச்சுரேஷனை (நிற அழுத்தத்தை) 50-இலிருந்து 45 பக்கம் குறைத்தால் சேர்ந்துவிடும். சிவப்பு மட்டும்தான் துருத்துகிறது என்றால், மொத்தத்தைக் குறைக்காமல் 'ஹ்யூ வெர்சஸ் சாட்' வளைவில் சிவப்பை மட்டும் இறக்குங்கள்.

ஒரே இடம், ஒரே கேமரா என்றால் சரிசெய்த ஷாட்டின் சிறுபடத்தில் மவுசின் நடுப்பொத்தானை அழுத்தினால் அதன் திருத்தம் தேர்ந்தெடுத்த ஷாட்டுக்கு வந்துவிடும். 'ஷாட் மேட்ச்' என்ற தானியங்கி வசதியும் உண்டு. ஒரே மாதிரி சட்டகம் என்றால் ஓரளவு உதவும். ஒன்றில் புடவையும் மற்றொன்றில் வெள்ளைச் சுவரும் நிறைந்திருந்தால் கெடுத்துவிடும்.

9. ஒரே ஷாட்டுக்குள் மாறும் வெளிச்சம்

மாப்பிள்ளை அழைப்பில் கேமரா வெயிலிலிருந்து வாசல் வழியே மண்டபத்துக்குள் வருகிறது. இங்கே ஒரு திருத்தம் போதாது. கீஃப்ரேம் பகுதியில் வெளியே கடைசியாக இருக்கும் ஃபிரேமிலும், உள்ளே வெளிச்சம் நிலைத்த ஃபிரேமிலும் 'டைனமிக் கீஃப்ரேம்' (திருத்தம் மாறத் தொடங்கும், முடியும் இடங்களுக்கான குறி) போட்டு, இரண்டிலும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். இடையில் மென்பொருள் மெல்ல மாற்றும். இரண்டாவது கீஃப்ரேமைக் கேமரா நகர்ந்துகொண்டிருக்கும்போதே முடியும்படி வையுங்கள். நின்றபிறகு வெளிச்சம் மாறினால் கண் உடனே பிடித்துவிடும்.

10. ஊதா விளக்கு

வரவேற்பு மேடைகளில் இதுதான் பெரிய தலைவலி. முகத்தில் ஊதா விழுந்த ஷாட்டில் வேவ்ஃபார்ம் 30-இல் இருக்கும், இருட்டு என்று நினைத்து ஏற்றுவீர்கள், நீலம் வெடித்துவிடும். காரணம் கணக்கில் இருக்கிறது. ரெக். 709-இல் ஒரு புள்ளியின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. நீலம் உச்சியில் தட்டி விவரமெல்லாம் இழந்திருந்தாலும் வெளிச்ச அளவி அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே இத்தகைய ஷாட்களில் பரேடை மட்டும் பாருங்கள்.

நீலம் உச்சியில் ஒட்டியிருந்தால் அந்த முகத்தை இயல்பு நிறத்துக்குக் கொண்டுவர முடியாது. ஊதா விளக்கு எரிந்தது என்பதை ஒப்புக்கொண்டு, நீலம், மெஜந்தா இரண்டின் சேச்சுரேஷனை மட்டும் குறைத்து, திட்டுத்திட்டாகத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம். நீலம் தட்டவில்லை என்றால், முகத்தைச் சுற்றி ஓரம் மென்மையான விண்டோ போட்டு, டிராக்கரால் பின்தொடரச் செய்து, உள்ளே மட்டும் டெம்பை வெதுவெதுப்பாக்குங்கள். பாதித் திருத்தம்தான், முகம் மட்டும் சுத்தமாகவும் தோள் ஊதாவாகவும் இருந்தால் தலையை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும்.

11. சரிபார்த்து வெளியிடுதல்

சற்று எழுந்து நடந்துவிட்டு வந்து, முழுவதையும் ஒலி இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். நாதஸ்வரம் இல்லாமல் பார்க்கும்போது நிறம் தாவும் இடங்கள் தாமாகவே கண்ணில் படும். ஷிஃப்ட், டி அழுத்தித் திருத்தம் இல்லாத படத்தையும் இடையிடையே பாருங்கள். எங்கேயோ எல்லை மீறியிருந்தால் அப்போது தெரியும்.

இலவசப் பதிப்பில் 3840 × 2160 வரை வெளியிடலாம். குறைந்த வெளிச்சத்தில் ஏற்றிய ஷாட்களில் புள்ளிகள் மொய்க்கும். அவற்றைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. மேக் கணினியில் வெளியிட்ட கோப்பு குவிக்டைமில் வெளிறித் தெரிந்தால், திருத்தத்தைக் கூட்டாதீர்கள். வெளியிடும்போது காமா குறியை ரெக். 709-ஏ என்று வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கைபேசியிலும் ஒரு டிவியிலும் ஓட்டிப் பாருங்கள். வீட்டு டிவிகள் பலவும் 'விவிட்' பயன்முறையில்தான் கிடக்கும். அதில் எல்லா முகமும் செங்கல்லாகத் தெரியும். பென்டிரைவ் வாங்கிப் போனவர் 'முகமெல்லாம் சிவந்திருக்கிறது' என்று அழைத்தால், டிவியை 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' பயன்முறைக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் சிவப்பாகவே இருந்தால் மட்டும் டைம்லைனைத் திறந்து, தலைமை ஷாட்டின் ஸ்டில்லிலிருந்து தேடத் தொடங்குங்கள்.